பம்பில் காற்று

லெட்சுமணனின் இடது கையில் இரண்டு ஊசிகளும் ஏறி, ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய் இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வர ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அப்போது பட்டறையில் மில்லிங் மெஷின் நின்றுபோனது.

மெஷினுக்கும் அவருக்கும் நடுவில் பத்து பாகாட் என்கிற அந்த டவுன் முழுக்கக் கிடந்தது. பட்டறை ஊருக்கு வெளியே, சின்னச் சின்ன ஃபேக்டரிகள் இருக்கும் வரிசையில் கடைசி. டயாலிசிஸ் நிலையம் டவுனுக்குள், ஒரு துணிக்கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில். இருந்தாலும் போன் அடித்ததுமே விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. டயாலிசிஸ் நாளில் மனைவி சந்திரமதி போன் செய்ய மாட்டாள். செய்யக் கூடாது என்று அவர்தான் சொல்லி வைத்திருந்தார்.

"என்னங்க, நின்னுடுச்சு."

"எது?"

"மெஷின் லா. இங்க வேற எது ஓடுது?"

"சிவப்பு பட்டன அமுக்கினியா?"

"நான் ஒண்ணையும் அமுக்கல. தானா நின்னுச்சு. ஸ்கிரீன்ல சிவப்பா எழுத்து வருது. எல், யூ, பி, இ."

லெட்சுமணன் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் அவருக்கு மயக்கம் என்று நினைத்திருக்கலாம். மயக்கம் இல்லை. அந்த நாலு எழுத்துக்கு அர்த்தம் ஆயில் பம்பு. மெஷினின் முதுகுப் பக்கம் ஒரு சின்ன டாங்கி, அதன் தலையில் ஒரு பம்பு. மேசை வழுக்கி ஓடுகிற தடங்களுக்கு அது கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் ஒரு மடக்கு ஆயில் அனுப்பும். ஆயில் போகவில்லை என்றால் மெஷின் நின்றுவிடும். தடம் தேய்ந்து போவதைவிட நிற்பதே மேல் என்று தைவானில் அதைச் செய்தவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் அன்றைக்கு அது தேவைப்படவில்லை.

மெஷினில் பாதி வெட்டிய நிலையில் ஒரு இரும்பு உருப்படி உட்கார்ந்திருந்தது. ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. அங்கே ஒரு பெரிய பேரிங்கைத் தாங்கும் கூடு உடைந்து, ஆலை நேற்றிலிருந்து நிற்கிறது. புதுக் கூட்டை வாங்கிப் போக ஆலையிலிருந்து மூர்த்தி லாரியோடு சாயங்காலம் வருகிறார்.

சாதாரணமாக இப்படி ஒரு சிக்கலுக்கு ஆப்பரேட்டர் தீபன் இருப்பான். தீபன் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டான். எல்லைக்கு இந்தப் பக்கம் கெலாங் பாத்தாவில் அறை எடுத்துக்கொண்டு தினமும் சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாவது பாலத்தைத் தாண்டுகிறான். அவன் போன பிறகு லெட்சுமணன் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். டயாலிசிஸ் நாளில் காலையிலேயே போய் உருப்படியை இறுக்கிக் கட்டி, புரோகிராமை ஏற்றி, ஓட விட்டுவிட்டு வருவார். சந்திரமதி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். பச்சை பட்டன் ஓடுவதற்கு, சிவப்பு பட்டன் நிற்பதற்கு. அதற்கு மேல் அவருக்கும் சொல்லிக் கொடுக்கத் தோன்றவில்லை, அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவள் கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருஷம் ஆயத்த ஆடை ஃபேக்டரியில் சட்டைக் காலரில் தப்பு தேடியவள். ஒரு பொருளை வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பழக்கம்.

"தீபனுக்கு அடிச்சுப் பாரு" என்றார் லெட்சுமணன்.

"அடிச்சேன், எடுக்கல. அவங்க ஃபேக்டரியில போனை வாசல்லயே வாங்கி வச்சுக்குவாங்களாம்."

"டாங்கில ஆயில் இருக்கா?"

"கோட்டுக்கு மேலயே இருக்கு."

"காத்து" என்றது பக்கத்து நாற்காலி.

பக்கத்து நாற்காலியில் சிற்றம்பலம் சாய்ந்திருந்தார். வடிகால் நீர்ப்பாசன இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பெரிய குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வம்சம். அதை அவர் சொல்லவே வேண்டியதில்லை, வாயைத் திறந்தால் போதும்.

"தம்பி, பம்ப் நிண்டா முதல்ல காத்துதான் பாக்க வேணும். நான் முப்பது வருஷம் இலாகாவில இருந்தனான்."

"காத்து இல்லண்ணே. நேத்து வரைக்கும் ஓடுச்சு."

"நேற்று வரைக்கும் ஓடினதுதான் இண்டைக்கு நிக்கும்" என்றார் சிற்றம்பலம்.

அதற்குப் பதில் சொல்ல லெட்சுமணன் திரும்பினார். கை அசைந்தது. அவரோடு இணைத்திருந்த இயந்திரம் உடனே மணி அடித்தது. தாதி ஷர்மினி வந்து பட்டனைத் தட்டி மணியை நிறுத்தினாள். ஷர்மினி நல்ல பெண். ஆனால் மணி அடித்தால் அவளுக்கு யாரையும் பிடிக்காது.

"அங்கிள், கைய ஆட்டாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?"

"சாரி மிஸ்ஸி. வொர்க்‌ஷாப்ல மெஷின் நின்னுடுச்சு."

"இங்க நிக்காம பாத்துக்குங்க."

வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று லெட்சுமணனுக்குத் தெரிந்தது. வலது கையால் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோவுக்கு மாறினார். திரையில் சந்திரமதியின் முகம் வந்தது. அவள் கண் அவர் கையிலிருந்து போகும் சிவப்புக் குழாய்களுக்குப் போனது. ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் இங்கே வந்து போகிறார், அவள் உள்ளே வந்து பார்த்ததில்லை. அவள் கேட்டபோதெல்லாம், "சும்மா சாஞ்சு படுத்திருப்பேன், டிவி பாப்பேன்" என்றுதான் சொல்லியிருந்தார். அது பொய் இல்லை. டிவி இருந்தது.

"அது உங்க ரத்தமா?" என்று கேட்டாள்.

"ஆமா. நீ கேமராவ பம்பு பக்கம் திருப்பு."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் திருப்பினாள்.

டாங்கி தெரிந்தது. மேலே மோட்டார், அதன் பக்கத்தில் குமிழ் வைத்த ஒரு கம்பி. அந்தக் கம்பியைக் கையால் மேலே இழுத்து விட்டால் பம்பு ஒரு மடக்கு ஆயில் குடித்து, மெதுவாகக் கீழே இறங்கி அனுப்பும். பம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

"அந்தக் குமிழ மேல இழு."

"வரல."

"நல்லா இழு."

"நல்லாத்தான் இழுக்கிறேன். மேல வரமாட்டேங்குது."

லெட்சுமணனுக்கு நிம்மதியாக இருந்தது. இழுக்க வரவில்லை என்றால் ஆயில் உறிஞ்சும் வாய் அடைத்திருக்கிறது. காற்று இல்லை. அவர் சிற்றம்பலத்தைப் பார்த்தார். சிற்றம்பலம் கூரையைப் பார்த்தார்.

"மதி, ஃபில்டர் அடைச்சிருக்கு. பம்ப கழட்டணும்."

"யாரு?"

"நீதான்."

எதிர் வரிசையில் காளியம்மா என்கிற நோயாளி தன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த தொடரிலும் ஒருத்தியின் புருஷன் ஆஸ்பத்திரியில்தான் இருந்தான், ஆனால் பல நாளாக ஒன்றும் நடக்கவில்லை.

"சரி, சொல்லுங்க" என்றாள் சந்திரமதி.

முதலில் கைச்சக்கரத்தைச் சுற்றி, வெட்டும் கத்தியை உருப்படியிலிருந்து மேலே தூக்கச் சொன்னார். அவள் சரியான பக்கம் சுற்றினாள். பின்பக்கத்தில் இருக்கும் பெரிய சுவிட்சை அணைக்கச் சொன்னார். அணைத்தாள். பம்பின் மூடியில் நாலு ஸ்க்ரூ, அதற்கு அலன் கீ. அலன் கீ மேசை டிராயரில் என்றார். டிராயரில் இல்லை. அலமாரியில் என்றார். அலமாரியில் பழைய நாள்காட்டி இருந்தது. கடைசியில் அது லெட்சுமணனின் மழைக்கோட்டுப் பையில் கிடைத்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்த விதத்தைக் காளியம்மாகூடக் கவனித்தார்.

மூடி கழன்றது. மோட்டாரோடு சேர்த்து அதைத் தூக்கியபோது கீழே தொங்கிய குழாயின் நுனியில் கறுப்பாக ஒரு கட்டி இருந்தது.

"இது என்னங்க, இறால் பெலாச்சான் மாதிரி அப்பிக் கிடக்கு?"

"அதான் ஃபில்டர்."

"இதுலயா ஆயில் போயிட்டிருந்துச்சு?"

"மண்ணெண்ணெயில ஊறப் போட்டுத் தேய். டாங்கிய காலி பண்ணித் தொடை. அடியில கசடு இருக்கும். துணியில நூல் பிரியக் கூடாது, நூல் உள்ள போனா மறுபடியும் அடைக்கும்."

"துணியப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க" என்றாள் சந்திரமதி.

அவள் போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு வேலை செய்தாள். திரையில் அவள் முழங்கையும் பழைய பல்துலக்கியும் மட்டும் வந்து வந்து போயின. லெட்சுமணனுக்கு அந்த முழங்கை போதவில்லை. "இன்னும் தேய்", "அப்படி இல்ல", "ரப்பர் வளையம் பத்திரம்", "டாங்கி மூலையில பாத்தியா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் "ம்" என்றாள். பிறகு அதுவும் இல்லை. புது ஆயில் ஊற்றும் கட்டம் வந்தபோது, "நீல மூடி டின்னு" என்றார். நீல மூடி போட்ட டின் இரண்டு இருந்தது. "அறுபத்தெட்டுன்னு போட்டிருக்கும்!" என்று கத்தினார். அவள் ஏற்கெனவே அறுபத்தெட்டைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் மணி அடித்தது. ஷர்மினி வந்தாள். திரையில் இருந்த எண்களைப் பார்த்தாள், லெட்சுமணனின் முகத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், உங்க பிரஷர் எங்க போகுது தெரியுமா? போன குடுங்க."

"மிஸ்ஸி, முடிஞ்சிடுச்சு, இன்னும் கொஞ்சம்தான்..."

"குடுங்க."

கொடுத்தார். ஷர்மினி போனைக் கொண்டுபோய் இரண்டு நாற்காலிக்கும் நடுவில் இருந்த சின்ன மேசையில் வைத்தாள். வைத்த திசையில் அது சிற்றம்பலத்துக்கு நன்றாகத் தெரிந்தது. லெட்சுமணனுக்குப் போனின் முதுகு தெரிந்தது.

"ஆண்ட்டி, நான் ஷர்மினி பேசறேன், நர்ஸ். அங்கிளுக்கு பிரஷர் ஏறுது. இனிமே என்கிட்ட சொல்லுங்க."

"நல்லதும்மா" என்றாள் சந்திரமதி. அவள் குரலில் ஒரு தெளிவு வந்திருந்தது. "எல்லாத்தையும் மாட்டிட்டேன். ஆனா இப்ப இந்தக் குமிழ இழுத்தா சுலபமா மேல வருது. விட்டா டப்புன்னு கீழ விழுது."

"அது எப்படி விழணும் அங்கிள்?"

"மெதுவா. அப்ப அது காத்து..." என்று ஆரம்பித்த லெட்சுமணன் நிறுத்திக்கொண்டார். தாமதமாகிவிட்டது.

"காத்து!" என்றார் சிற்றம்பலம். "நான் என்ன சொன்னனான்? பிள்ளை, அந்தக் குழாயைக் கிட்டக் காட்டும்."

பம்பிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று மெஷினுக்குள் போகிறது. உள்ளே ஓடுவது வெளியே தெரியும். ஷர்மினி குனிந்து திரையைப் பார்த்தாள். அவள் ஒரு நாளைக்கு எத்தனையோ பேருடைய குழாய்களில் இதைத்தான் தேடுகிறாள்.

"பபுள் நிறைய இருக்கு ஆண்ட்டி. நாங்க ஊசி போடறதுக்கு முன்னாடி லைன்ல இருந்து காத்த எடுத்துடுவோம். அந்தக் குழாய் எங்க போய்ச் சேருது? அந்த முனையக் கழட்ட முடியுமா?"

"ஒரு நட்டு இருக்கு."

அந்த நட்டை முழுக்கக் கழற்ற வேண்டாம், கொஞ்சம் தளர்த்தினால் போதும் என்று லெட்சுமணன் சொல்ல வேண்டியிருந்தது. வாயைத் திறந்தார். அதே நேரத்தில் ஷர்மினி அவருடைய வலது கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி அழுத்திவிட்டாள்.

"இப்ப பேசக் கூடாது அங்கிள், ரீடிங் தப்பா வரும்."

பட்டை ஊதியது. லெட்சுமணன் படுத்துக்கொண்டு, தன்னுடைய பட்டறையில் தன்னுடைய மெஷினைத் தன் மனைவி சரிசெய்வதைக் காதால் கேட்டார். ஒரு கையில் ஊசி, ஒரு கையில் பட்டை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் இருந்ததில்லை.

"முழுசா எடுக்காதீங்க ஆண்ட்டி, கொஞ்சமா லூஸ் பண்ணுங்க" என்றாள் ஷர்மினி. "முனைய மேல தூக்கிப் பிடிங்க. காத்து மேலதான் போகும். இப்ப குமிழ இழுத்து இழுத்து விடுங்க. குழாய விரலால தட்டுங்க. சும்மா டொக் டொக்குன்னு."

டொக் டொக் என்று போனில் கேட்டது.

"பபுள் வருதா?"

"வருது. நுரை நுரையா வருது. என் கையெல்லாம் ஆயில்."

"பரவாயில்ல. நுரை நிக்கற வரைக்கும் விடுங்க."

"இன்னும் ஒண்டு நிக்குது பிள்ளை, வளைவில" என்றார் சிற்றம்பலம். அவர் கழுத்தை நீட்டியிருந்தார், கையை மட்டும் அசைக்கவில்லை. பல வருஷ அனுபவம். "அங்க தட்டும். அங்கதான்."

டொக்.

"போச்சு" என்றாள் சந்திரமதி. "இப்ப வெறும் ஆயில்தான் வருது. நட்ட இறுக்கிட்டேன். குமிழ் மெதுவா இறங்குது. ரொம்ப மெதுவா. அழகா இருக்குங்க."

கடைசி வார்த்தை தனக்குச் சொன்னது என்று லெட்சுமணனுக்குப் புரிந்தது. பட்டையில் காற்று இறங்கியது. பிரஷரும் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஷர்மினி அதை எழுதிக்கொண்டாள்.

இதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அந்த அறையில் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. சிற்றம்பலத்துக்கே தெரியாது, அவரும் அதை ஒத்துக்கொண்டார். ஷர்மினி போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"மெதுவா பேசினா மட்டும்தான்."

லெட்சுமணன் மெதுவாகப் பேசினார். பின்பக்கத்துப் பெரிய சுவிட்சைப் போட்ட பிறகு, அந்தப் பழைய மெஷினுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. மூன்று திசையிலும் ஒருமுறை அதன் மூலைக்கு அனுப்பி வைக்க வேண்டும். முதலில் மேல் கீழ் போகிற திசை, அப்போதுதான் கத்தி எதிலும் இடிக்காது. எந்தப் பட்டன் என்று சொன்னார். அவள் ஒவ்வொரு பட்டனின் மேலும் விரலை வைத்து, "இதா?" என்று கேட்டு, அவர் "அதுதான்" என்ற பிறகு அமுக்கினாள். அவர் அவசரப்படவில்லை. சிவப்பு எழுத்து திரும்ப வரவில்லை.

"இப்ப பச்சை" என்றார். "முதல்ல இருந்து ஓடும். ஏற்கெனவே வெட்டின இடத்துல சும்மா சுத்திட்டு வரும், பயப்படாத."

காளியம்மா டிவியை முழுக்கவே அணைத்திருந்தார். போனில் மெஷினின் சத்தம் மெல்ல ஏறி, ஒரே சீராக நின்றது. கொஞ்ச நேரம் வெறும் சுழற்சி. பிறகு இரும்பை இரும்பு தொடும் கரகரப்பு.

"வெட்டுது" என்றாள் சந்திரமதி. போனை வைத்துவிட்டாள். டயாலிசிஸ் நாளில் போனில் ரொம்ப நேரம் பேசக் கூடாது.

லெட்சுமணன் எடை பார்த்து, ஊசிக் குழியில் பஞ்சை அழுத்திப் பிடித்து உட்கார்ந்திருந்து, கிராப் வாடகைக் கார் பிடித்துப் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது மூர்த்தியின் லாரி வாசலில் நின்றது. மூர்த்தி உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து மைலோ ஐஸ் குடித்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் மரத்தூள் தூவியிருந்தது. மரத்தூளுக்கு அடியில் எவ்வளவு ஆயில் இருக்கிறது என்று லெட்சுமணன் கேட்கவில்லை. உருப்படி முடிந்து மேசையில் இருந்தது. அவர் உட்கார்ந்தபடியே அதன் துளையை அளந்தார், திருப்பி வைத்து இன்னொரு முறை அளந்தார்.

"எப்படி?" என்றார் மூர்த்தி.

"எடுத்துக்கிட்டுப் போங்க."

லாரி போன பிறகு சந்திரமதி கையைச் சோப்புப் பொடி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவருடைய இடது கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள்.

"ரெண்டு குழாய் இருந்துச்சே. எது போறது, எது வர்றது?"

"மணிக்கட்டுப் பக்கம் இருக்கறது போறது. மேல இருக்கறது வர்றது."

"போயி?"

லெட்சுமணன் இதை யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் சாப்பிட்ட வாய் கசக்கும் விஷயம் என்று நினைத்திருந்தார். இப்போது சொல்ல ஆரம்பித்தபோது அப்படி இல்லை. முதலில் ஒரு பம்பு, உருளை மாதிரி சுற்றும், குழாயை அமுக்கி அமுக்கித் தள்ளும். பிறகு நீளமாக ஒரு ஃபில்டர். பிறகு ஒரு சின்ன அறை, அங்கே காற்றைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள். ஒரு குமிழி தாண்டினாலும் மெஷின் மணி அடித்துத் தானாக நின்றுவிடும்.

"தாண்டினா என்ன ஆகும்?"

அவர் பஞ்சின் ஓரத்தை விரலால் அழுத்தினார்.

"தாண்டாது" என்றார். "அந்தப் பொண்ணு பாத்துக்கும்."

சந்திரமதி தலையாட்டினாள். மெஷின் ஓடவில்லை. வெளியே அடுத்த பட்டறைக்காரர் ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது.

"இனிமே ஒரு நாளைக்கு நானும் வந்து உக்காந்துக்கவா?" என்றாள்.

"அங்க உக்கார எடம் இல்ல."

"நின்னுக்கறேன்."

"மெஷின யாரு பாப்பாங்க?"

அவள் நின்றிருந்த மெஷினைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்து, "அந்த ஃபில்டர எத்தனை நாளைக்கு ஒரு தடவ மாத்துவாங்க?" என்று கேட்டாள்.

அவருக்குத் தெரியவில்லை. தன் ரத்தம் முழுக்க அதன் வழியாகத்தான் போய் வருகிறது, ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"கேட்டுட்டு வாங்க" என்றாள் சந்திரமதி. அன்றைக்குப் பார்த்த பெலாச்சான் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை என்று தெரிந்தது.

அடுத்த முறை லெட்சுமணன் நாற்காலியில் சாய்ந்ததும் சிற்றம்பலம், "பம்ப் எப்படி?" என்றார். நன்றாக இருக்கிறது என்றார் லெட்சுமணன். எதிர் வரிசையிலிருந்து காளியம்மாவும் கேட்டார். ஊசி போடும்போது ஷர்மினி கேட்டாள். மூன்று பேருக்கும் அதே பதிலைச் சொன்னார். அது எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது.

பிறகு அவர் ஃபில்டரைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவருக்குப் புதுசுதான் போடுகிறார்கள் என்று ஷர்மினி சொன்னாள். மேலே ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டையும் காட்டினாள். லெட்சுமணன் அதைப் படித்தார். அவருடைய பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது, மற்றபடி சரி. வலது கையால் போனை எடுத்துச் சந்திரமதிக்குக் குரல் பதிவு அனுப்பினார்.

உடனே பதில் வந்தது. பின்னால் மில்லிங் மெஷின் ஓடுவது கேட்டது. "சரி. அப்ப அந்தக் காத்து பிடிக்கற அறைய யாரு கழுவுறாங்க?"

லெட்சுமணன் ஷர்மினியை மறுபடியும் கூப்பிட்டார். கையை ஆட்டவில்லை.